தீவும் கடிகாரமும்

விடுமுறையை நாடுகிற மனம் பூகோளப் படத்தில் குறுக்கே ஓடும் கோடுகளைப் பார்க்கிறது. உத்தியோகத்தை விட முடியாத மனம் நெடுக்கே ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயிலும் தென்னையும் வெதுவெதுப்பான கடலும் எங்கே கிடைக்கும் என்பதை அட்சரேகை சொல்லும். தலைமை அலுவலகம் விழித்திருக்கும் நேரத்தில் நாமும் விழித்திருந்து பேச முடியுமா என்பதைத் தீர்க்கரேகையே சொல்லும். மடிக்கணினி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெப்பமண்டலத் தீவொன்றில் போய் உட்கார்ந்து, சம்பளத்துக்குரிய வேலையையும் குறைவின்றிப் பார்த்து, எஞ்சிய நேரத்தில் விடுமுறையின் சுகத்தையும் அனுபவித்துவிடலாம் என்று, உலகத்தின் பல பாகங்களிலும் உள்ள படித்த உத்தியோகஸ்தர்கள் சில வருஷங்களாகச் செய்துவரும் முயற்சியை, இந்த இரண்டு கோடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றிச் சரியாக மதிப்பிட முடியாது என்பது என் அபிப்பிராயம். விளம்பரங்களோ அட்சரேகையை மட்டுமே காட்டுகின்றன.

தீவிலிருந்து தொழில் செய்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுபவர்கள் எழுத்தாளர்களின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1889-ஆம் வருஷக் கடைசியில் சமோவாத் தீவுகளில் வந்திறங்கி, ஆப்பியா நகரத்துக்கு மேலே வைலீமா என்னும் இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு, 1894 டிசம்பரில் தமது 44-ஆம் வயதில் காலமாகும் வரையில் அங்கேயே இருந்து எழுதினார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் தபால் கப்பலில் லண்டனுக்குப் போயின. திருத்த வேண்டிய அச்சுப்படிகள் தபால் கப்பலிலேயே திரும்பி வந்தன. ஒரு கேள்விக்கு விடை வந்து சேர மாதங்கள் ஆயின. ஆனால் அவர் அங்கே போனது விடுமுறைக்காக அன்று. நோயுற்ற உடம்புக்கு ஏற்ற சீதோஷ்ணத்தைத் தேடிப் போய், அந்த ஊர்க்காரராகவே ஆகி, அந்தத் தேசத்துத் தலைவர்களின் சண்டையில் பக்ஷம் சேர்ந்து, அதைப் பற்றி 1892-இல் ஒரு புஸ்தகமும் எழுதினார். விடுமுறைக்காரன் எவனும் உள்ளூர் அரசியலில் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

இயான் ஃப்ளெமிங்கின் ஏற்பாடு நாம் ஆராயும் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. லண்டனில் கெம்ஸ்லி பத்திரிகைக் குழுமத்தின் வெளிநாட்டுச் செய்திப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அவர், ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில மாதம் ஜமைக்காவில் கழிக்கும் உரிமையைத் தமது உத்தியோக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அத்தீவின் வடகரையில் ஓரகபெஸ்ஸா என்ற ஊரில் தாம் கட்டிய 'கோல்டன்ஐ' வீட்டில், 1952-ஆம் வருஷம் தொடங்கிக் காலை வேளைகளில் எழுதி எழுதி ஜேம்ஸ் பாண்டு நாவல்களை அவர் உண்டாக்கினார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சம்பளம் தந்த பத்திரிகை வேலையை அவர் லண்டனிலேயே விட்டுவிட்டு வந்தார். இன்ன மணிக்கு வேண்டும் என்று எவரும் காத்திராத வேலையை மட்டுமே கப்பலேற்றிக்கொண்டு வந்தார். இன்றைய உத்தியோகஸ்தர் செய்வது நேர் எதிரான காரியம்.

இவர்கள் இருவரையும்விட ஆர்தர் சி. கிளார்க்கை நாம் அதிக நேரம் கவனிப்பது தகும். ஏனெனில் இந்த முயற்சியின் ஆரூடக்காரரும் அவரே, உதாரண புருஷரும் அவரே. பூமத்திய ரேகைக்கு மேலே உயரத்தில் நிலைநிறுத்திய துணைக்கோள்களால் உலகமெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இல் எழுதிய அந்த ஆங்கிலேயர், கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆசையால் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தார். திருக்கோணமலையில் சுவாமி மலையின் அடிவாரத்தில் கடலுக்கடியே கிடந்த பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டவர்களில் அவரும் ஒருவர் என்பதால் தமிழர்களுக்கு அவரிடம் ஒரு தனிப் பற்றுதலும் உண்டு. 1964-இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'ஹொரைஸன்' நிகழ்ச்சியில் அவர் தோன்றி, இன்னும் ஐம்பது வருஷத்துக்குள் ஒரு மனிதன் லண்டனில் இருந்து நடத்துவதைப் போலவே தாஹிதியிலோ பாலியிலோ இருந்து தன் தொழிலை நடத்துவது சாத்தியமாகலாம் என்று சொன்னார். ஆரூடங்களில் இவ்வளவு துல்லியமாகப் பலித்தவை சிலவே. ஊரின் பெயர்கூடத் தப்பவில்லை.

பலித்ததற்கு அவரே சாக்ஷியும் ஆனார். தமது '2010' நாவலை ஹாலிவுட்டில் படமாக்க முன்வந்த பீட்டர் ஹையம்ஸ் என்ற டைரக்டரோடு அவர் நடத்திய ஆலோசனைகள், கொழும்பிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலுமாக வைத்த இரண்டு கேப்ரோ கணினிகளின் மூலம், டெலிபோன் கம்பி வழியாகவே நடந்தன. அந்தக் கடிதங்கள் 1984-இல் புஸ்தகமாகவும் வந்தன. இரண்டு ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அரை நாள். கொழும்பில் பகல் முழுதும் யோசித்து எழுதியதை, அங்கே விடிந்ததும் மற்றவர் படித்தார். அவர் எழுதியதை, இங்கே விடிந்ததும் இவர் படித்தார். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால், இடையிலிருந்த தீர்க்கரேகைகள் அவர்களுக்கு விரோதம் செய்யவில்லை, உதவிகூடச் செய்தன. இந்த ஒரு நுட்பத்தை நினைவில் வைத்துக்கொண்டு இக்காலத்துக்கு வருவோம்.

2020-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய் இரண்டு காரியங்களைச் செய்தது. அலுவலகங்களை மூடி, உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பதை முதலாளிகளுக்குப் பிரத்தியட்சமாக நிரூபித்தது. ஆகாய விமானங்களை நிறுத்தி, யாத்திரிகர்களின் பணத்தையே நம்பியிருந்த தீவுகளை ஒரே மாதத்தில் வெறிச்சோட வைத்தது. பதினைந்து நாள் தங்கும் யாத்திரிகர்கள் வராவிட்டால் போகட்டும், பன்னிரண்டு மாதம் தங்கும் உத்தியோகஸ்தர்களையாவது அழைப்போம் என்று, காரீபியன் கடலில் 34 கிலோமீட்டர் நீளமே உள்ள பார்படோஸ் தீவின் பிரதமர் மியா மோட்லி அந்த வருஷம் ஜூலை மாதத்திலேயே ஒரு திட்டத்தை ஆரம்பித்தார். வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை செய்து, வருஷத்துக்கு 50,000 டாலராவது சம்பாதிக்கிறவர்கள், தனி மனிதருக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000 டாலர் கட்டணம் செலுத்தி ஒரு வருஷம் தங்கலாம். அந்த வருமானத்துக்கு உள்ளூர் வரி கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். இதற்கென்று தனிச் சட்டமும் இயற்றினார்கள். தீவின் சாமர்த்தியம் மெச்சத்தக்கது: உள்ளூர்க்காரர் ஒருவருடைய வேலையையும் பறிக்காமல், வெளியூர்ச் சம்பளத்தை உள்ளூர்க் கடைத்தெருவில் செலவு செய்யும் ஒரு வர்க்கத்தை அது விலைக்கு வாங்கியது.

மற்றத் தீவுகளும் பின்தொடர்ந்தன. ஆன்டிகுவா இரண்டு வருஷம் அனுமதித்தது. மான்ட்செர்ராட் 70,000 டாலர் வருமானம் கேட்டது. கேமன் தீவுகள் ஒருபடி மேலே போய் 1,00,000 டாலர் கேட்டன. மொரீஷியஸ் கட்டணமே இல்லாமல், மாதம் 1,500 டாலர் வருமானம் காட்டினால் போதும் என்றது. தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்து வருஷ விசா ஒன்றைக் கொண்டுவர, அதுவரை யாத்திரிகர் விசாவில் இருந்துகொண்டு வேலையும் பார்த்துவந்த கோ பங்கான், கோ லந்தா முதலிய தீவுகளின் வாசிகளுக்குச் சட்டத்தின் நிழல் கிடைத்தது. 1975-லேயே இலங்கை அரசாங்கம் கிளார்க்குக்கு 'உறையும் விருந்தினர்' என்ற அந்தஸ்தை அளித்திருந்ததை நினைத்தால், இந்த விசாக்களுக்கெல்லாம் முப்பாட்டன் நம் அண்டையிலேயே பிறந்திருக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது.

வரி விஷயத்தை விரிவாகப் பேசக் கணக்கர்கள் இருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஒரு தேசத்தில் வருஷத்துக்கு 183 நாளுக்கு மேல் தங்குகிறவரை அந்தத் தேசத்து வரிவாசியாகக் கொள்வது பல நாடுகளின் வழக்கம். இந்தியாவில் அந்த எல்லை 182 நாள். அமெரிக்கக் குடிமகனையோ அவன் எந்தத் தீவில் ஒளிந்தாலும் அவனுடைய தேசத்து வரிச்சட்டம் துரத்திக்கொண்டே வரும். இவற்றைவிடப் பலருக்கும் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு: ஓர் ஊழியர் வெளிதேசத்தில் நெடுநாள் உட்கார்ந்து வேலை பார்த்தால், அவருடைய கம்பெனியே அங்கே ஸ்தாபனம் வைத்திருப்பதாகக் கருதி அத்தேசம் அதன்மேல் வரி விதிக்க இடம் உண்டாகலாம். ஊழியர் கடற்கரையிலிருந்து வேலை செய்வதில் மனித வளத் துறைக்கு ஆட்சேபம் இல்லாதபோதும் கணக்குத் துறை முகம் சுளிப்பது இதனால்தான்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 5 மணிக்கு முடியும் வேலையை ஒருவர் பாலித் தீவுக்கு எடுத்துப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அவருடைய அலுவலகம் பாலியின் இரவு 10 மணிக்குத் திறந்து, விடியற்காலை 6 மணிக்கு மூடும். பகலெல்லாம் தமக்கே என்று அவர் மகிழலாம். அந்தப் பகலில்தான் அவர் தூங்கியும் ஆக வேண்டும். லண்டன்காரருக்கு மாலை 5 மணிக்கு ஆரம்பித்து நடுநிசிக்குப் பின் ஒரு மணிக்கு முடியும். வாலிபர்களுக்கு இது பொருந்தும், குழந்தை குட்டிக்காரர்களுக்குப் பொருந்தாது. சிட்னிக்காரருக்கோ அவருடைய ஊர்க் குளிர்காலத்தில் காலை 7 மணிக்கே ஆரம்பித்துப் பிற்பகல் 3 மணிக்கு வேலை முடிந்துவிடும். பெர்த் நகரத்துக்காரருக்கு மணி வித்தியாசமே இல்லை. எனவே பாலித் தீவு எல்லாருக்கும் ஒரே தீவு அன்று. ஆஸ்திரேலியருக்கு அது சொர்க்கம், அமெரிக்கருக்கு அது இரவுக்காவல் உத்தியோகம்.

பார்படோஸ் தீர்க்கரேகையில் அமெரிக்கக் கிழக்குக் கரையை விட்டு வெகுதூரம் விலகாமல் இருப்பதால் இந்தத் துன்பம் இல்லை என்று தோன்றும். அங்கே வேறொரு சூக்ஷ்மம் இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்ளும் வழக்கம் நியூயார்க்கில் உண்டு, பார்படோஸில் இல்லை. ஆகையால் கோடையில் இரண்டு ஊரிலும் மணி ஒன்றாக இருக்க, குளிர்காலத்தில் பார்படோஸ் ஒரு மணி நேரம் முந்தி நிற்கிறது. பனிக்குப் பயந்து ஓடிவரும் நியூயார்க்குக்காரர் தம் வேலையை முடிக்கும்போது தீவில் மணி 6. அதற்குள் சூரியன் அஸ்தமித்திருக்கும், அல்லது அஸ்தமிக்கும் தறுவாயில் இருக்கும். வட தேசத்தார் வழக்கமாக மறந்துபோகும் உண்மை இது: அவர்களுடைய கோடையில் இரவு ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் நீடிப்பதுபோல, வெப்பமண்டலத்தில் எக்காலத்திலும் நீடிப்பதில்லை. இங்கே வருஷம் முழுதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். அந்திப் பொழுதும் நீளாது. எந்த அட்சரேகை வெயிலைக் கொடுக்கிறதோ அதே அட்சரேகை நீண்ட மாலையை மறுத்துவிடுகிறது. வேலை முடிந்த பிறகு கடலுக்குப் போகலாம் என்று வருகிறவர் இருட்டிய கடலைத்தான் பார்க்க நேரும்; வேலைக்கு முன்னால் போகக் கற்றுக்கொண்டவரே காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை தீவை அனுபவிப்பார்.

இந்த விதத்தில் மொரீஷியஸுக்கு ஒரு பாக்கியம் வாய்த்திருக்கிறது. ஐரோப்பிய நகரங்களுக்குக் கிழக்கே, இந்தியாவுக்கு மேற்கே அது கிடக்கிறது. பாரிஸ்காரர் தம் குளிர்காலத்தில் அங்கே போனால் அலுவலகம் நண்பகலில்தான் திறக்கும். விடியற்காலையிலிருந்து ஆறு மணி நேரம் அவருடையது. சென்னையில் 10 மணியிலிருந்து 6 மணி வரை வேலை பார்க்கிறவருக்கு அங்கே காலை 8.30-க்குத் தொடங்கி மாலை 4.30-க்கு முடிந்துவிடும், நமக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரமே. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் சந்ததியார் தைப்பூசக் காவடியைத் தேசிய விடுமுறையாகக் கொண்டாடும் ஊர், நோட்டுகளில் தமிழ் எண்கள் அச்சிட்ட ஊர் என்பதால் நம்மவருக்கு அது முழு அந்நியமும் அன்று. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையில் புயல்கள் மும்முரமாக இருக்கும். 2024 ஜனவரியில் 'பெலால்' புயல் போர்ட் லூயி நகரத்துத் தெருக்களில் கார்களையே மிதக்கவிட்டது. பாரிஸ்காரரின் குளிர்காலமும் மொரீஷியஸின் புயற்காலமும் ஒன்றாக வருவது, அந்தப் பாக்கியத்துக்குச் சிறு திருஷ்டிப்பொட்டு.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தீவுகளை உலகத்தோடு இணைப்பது பெரும்பாலும் சமுத்திரத்தின் அடித்தரையில் கிடக்கும் கேபிள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமனே அதற்கு இருக்கும். 2022 ஜனவரி 15-ஆம் தேதி டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது, ஃபிஜித் தீவோடு அந்நாட்டை இணைத்த ஒரே கேபிள் அறுந்துபோய், அதைச் சீராக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. கிளார்க் சொன்ன உயரத்துத் துணைக்கோள்களோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், கேட்ட கேள்விக்கு மறுமொழி வரவே அரை வினாடி பிந்தும். கடிதத்துக்கு அது தோஷமில்லை, பத்துப்பேர் கூடிப் பேசும் காணொளிக் கூட்டத்துக்குப் பெருந்தோஷம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் பறக்கும் ஸ்டார்லிங்க் போன்றவை இந்தக் குறையைப் பெரிதும் நீக்கிவிட்டன. அதனால் இனிவரும் காலத்தில் தீவைத் தேர்ந்தெடுப்பதற்குக் கம்பி ஒரு தடையாக இராது. மணி மட்டும் அப்படியே இருக்கும். அதைத் திருத்த எந்தத் துணைக்கோளாலும் ஆகாது.

இவ்வளவும் வேலையின் பக்கத்திலிருந்து பேசியது. விடுமுறையின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன? நெதர்லாந்தைச் சேர்ந்த ஜெசிகா டி ப்ளூம் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. சராசரியாக 23 நாள் விடுமுறையில் போன 54 உத்தியோகஸ்தர்களைப் பின்தொடர்ந்து அவர்கள் கண்டது: தேக மனோ சுகம் விடுமுறையின் முதல் நாட்களில் விரைந்து உயர்ந்து, எட்டாம் நாள் அளவில் உச்சத்தை அடைகிறது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளாகவே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஐம்பத்துநான்கு பேரை வைத்து உலகத்துக்கே விதி செய்ய முடியாது என்பதை நான் அறிவேன். எனினும் அதிலிருந்து ஓர் அனுமானம் செய்ய இடமிருக்கிறது. தடையற்ற விடுமுறையே உச்சத்தை அடைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுமானால், தினந்தோறும் எட்டு மணி நேரம் வேலைக்குத் திரும்புகிற கலப்பு விடுமுறை அந்த மேட்டில் ஏறத் தொடங்குவதற்குள் ஒவ்வொரு நாளும் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. பத்து நாள் தீவுக்குப் போய், பாதி வேலையும் பாதி ஓய்வுமாகக் கழித்தவர், கல்யாண வீட்டுக்கு வந்தும் வாசலிலேயே நின்று வியாபாரம் பேசிவிட்டுப் பந்தி முடிந்ததும் திரும்பியவரைப் போன்றவர். கல்யாணமும் பார்க்கவில்லை, வியாபாரமும் தீரவில்லை.

ஆகவே குறுகிய காலத்துக்கு இந்தக் கலப்பு நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது. இருக்கிற பத்து நாள் விடுப்பை விடுப்பாகவே எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை வீட்டில் பூட்டிவிட்டுப் போவது உத்தமம். முதலாளிகளுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை தேவை: 'நீ எங்கிருந்து வேலை செய்தாலும் சரி' என்ற தாராளம், மெல்ல மெல்ல 'எங்கே போனாலும் நீ வேலை செய்' என்ற கட்டளையாக மாறிவிடுவதற்கு அதிக காலம் பிடிக்காது. ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் சட்டமாகவே வைத்திருப்பது வீண் அல்ல. மாதக்கணக்கில் தங்குகிறவரின் நிலை வேறு. அவருக்கு அது விடுமுறை அன்று, வாசம். சனி ஞாயிறுகளும் காலைப் பொழுதுகளும் அவருக்கு ஓய்வாகின்றன, மற்ற நாட்களில் அவர் சாதாரண உத்தியோகஸ்தர். ஸ்டீவன்சனைப் போல ஊர்க்காரராக ஆகிறாரா, அல்லது வாடகை கொடுக்கும் அந்நியராகவே இருக்கிறாரா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

அந்தக் கேள்விக்குப் பாலித் தீவில் கிடைக்கும் விடை சந்தோஷமானது அன்று. தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கென்று இந்தோனேஷியா 2024-இல் வகுத்த ஓராண்டு விசாவுக்கு வருஷ வருமானம் 60,000 டாலர் வேண்டும். அதாவது அந்நாட்டு நாணயத்தில் மாதம் ஏழரைக் கோடி ருபியாவுக்கு மேல். அதே வருஷம் பாலி மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி மாதம் 28 லட்சம் ருபியா சொச்சம். இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் ஒரே சந்தில் எதிரெதிரே குடியிருந்தால் வாடகைக்கும் நிலத்துக்கும் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாங்கு என்ற கடலோரக் கிராமம், கண்ணெதிரே வயல்கள் குறைந்து வில்லாக்களும் காப்பிக் கடைகளும் நெருங்கி, குறுகிய பாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் முண்டியடிக்கும் ஊராகிவிட்டது. கோவில்களை மையமாகக் கொண்டு தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் 'சுபக்' என்ற பழைய பாசன முறையை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அந்தத் தண்ணீரை எதிர்பார்த்திருந்த வயல் வில்லாவாக மாறும்போது வாய்க்காலின் கீழ்க்கோடியிலுள்ள குடியானவனும் சேர்ந்து பாதிக்கப்படுகிறான். குடிவந்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கொள்ளைநோய்க் காலத்தில், குறைந்த செலவில் பாலியில் வாழலாம் என்று மற்ற வெளிநாட்டாருக்கு வழிகாட்டி விற்ற ஓர் அமெரிக்கப் பெண்ணை 2021 ஜனவரியில் நாடு கடத்தியபோது உள்ளூர் ஜனங்களிடம் கிளம்பிய ஆத்திரம், ஒரு பெண்ணைப் பற்றிய ஆத்திரம் மட்டும் அன்று.

அதே பாலியில் வருஷத்துக்கு ஒரு நாள் கடிகாரங்கள் எல்லாமே தோற்றுப்போகின்றன. சக வருஷப் பிறப்பான 'நியெப்பி' அன்று காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை விமான நிலையம் மூடிக்கிடக்கும், தெருவில் நடமாட்டம் கூடாது, விளக்கேற்றக் கூடாது. 2018 முதல் கைபேசி இணையத்தையும் அன்று நிறுத்திவிடுகிறார்கள். லண்டனில் காலாண்டுக் கணக்கு முடியும் நாளாக இருந்தாலும் சரி, கிராமக் காவலரான 'பெச்சாலாங்' தெருவில் நின்றால் வெளியே வர இயலாது. வெளியிலிருந்து வந்தவன் தன் நேரத்தைத் தீவின்மேல் சுமத்துகிற முன்னூற்றுச் சொச்சம் நாட்களுக்கு எதிராக, தீவு தன் நேரத்தை அவன்மேல் சுமத்துகிற ஒரு நாள் அது. ஹவாயில் இதைவிடச் சமரசமான ஏற்பாடு ஒன்றைச் செய்து பார்த்தார்கள்: 2020-ஆம் வருஷக் கடைசியில் 50 பேருக்கு ஒவாஹுத் தீவுக்கு விமானச் சீட்டு கொடுத்து அழைத்து, பதிலுக்கு அவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களில் சில மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எண்ணிக்கை சிறிது, யோசனை நல்ல யோசனை. கட்டணத்தை டாலரில் மட்டும் வாங்கும் மற்றத் தீவுகள் இதைக் கவனிக்கலாம்.

நமக்கு அண்மையில் உள்ள உதாரணம் அந்தமான். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் அங்கிருந்து ஹேவ்லாக் முதலிய தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வரும்வரை, துணைக்கோளையே நம்பியிருந்த அத்தீவுகளிலிருந்து ஒழுங்காக ஒரு கூட்டத்தில் கலந்துகொள்வதும் அரிதாக இருந்தது. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேயர், சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானப் பிரயாணம். கடைத்தெருவில் தமிழ் பேசிக் காரியத்தை முடிக்கலாம். விசாவும் வேண்டாம், வெளிநாட்டு வரிச் சங்கடமும் இல்லை. சிரமங்களையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் பெரும்பாலும் டீசல் எந்திரங்களிலிருந்து வருவது. மே முதல் டிசம்பர் வரையில் இரண்டு பருவ மழைகளும் மாறி மாறிப் பொழியும். மழை ஓய்ந்த கோடை மாதங்களிலோ போர்ட் பிளேயரில் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு வருவது வழக்கம். கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக் படகு போகாது. அந்த வாரத்து நேரடிக் கூட்டத்துக்குச் சென்னை வருவதாக வாக்களித்தவர் கரையில் நின்று மேகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தமானின் முக்கியமான விசேஷம் கடிகாரத்தில் இருக்கிறது. அங்கே மணி சென்னை மணிதான். சூரியன் சென்னைச் சூரியன் அன்று. பன்னிரண்டு பாகைக்கு மேல் கிழக்கே இருப்பதால் அங்கே விடிவதும் இருட்டுவதும் சென்னைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் முன்னதாக நிகழ்கின்றன. ஏப்ரலில் 5 மணிக்கே சூரியோதயம், டிசம்பரில் மாலை 5 மணியைச் சிறிது தாண்டினால் அஸ்தமனம். காலை ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடிக்கிறவர் மாலைக் கடலைக் காணவே மாட்டார். ஆனால் வேலை துவங்குமுன் நான்கு மணி நேர வெளிச்சம் அவருக்கு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க வாடிக்கையாளருக்காகப் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை உழைக்கிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுவது வழக்கம். அந்தமானில் அவர்களே அதிருஷ்டசாலிகள், விடியற்காலை முதல் நண்பகல் தாண்டும் வரை தீவு அவர்களுடையது, முக்குளிக்க அழைத்துப்போகும் படகுகளும் காலையிலேயே புறப்படுகின்றன. எந்தப் பணிமுறைக்காரராக இருந்தாலும், ஹேவ்லாக்கில் தங்குமிடம் தேடும்போது, படங்களில் புகழ்பெற்ற ராதாநகர்க் கடற்கரை மேற்கு நோக்கியது என்பதையும் அதன் அழகெல்லாம் அலுவலக நேரத்திலேயே அஸ்தமித்துவிடும் என்பதையும் நினைத்து, விஜயநகர், காலாபத்தர் பக்கமாகக் கிழக்குக் கரையில் அறை எடுத்துக்கொண்டு, ராதாநகரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.